வண்டிகள் ஒரே நேரத்தில் பேசினால்

வண்டிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் டிராக்கர்களுக்கு இந்தியாவில் ஏஐஎஸ் 140 என்றொரு தர விதி இருக்கிறது. பொதுப் போக்குவரத்து வண்டியில் கருவி எப்படி இருக்க வேண்டும், அபாயப் பொத்தான் எப்படி வேலை செய்ய வேண்டும், உள்பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லும் ஆவணம். சர்வர் எழுதுகிறவர்கள் அதில் அடிக்கோடிட்டு வைக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் கருவி குறைந்தது 40,000 இடப்பதிவுகளைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும்.

10 விநாடிக்கு ஒரு பதிவு என்று வைத்தால் 40,000 பதிவு என்பது நாலரை நாளுக்கும் மேலான பயணம். கருவி விற்பவருக்கு இது பெருமை. சர்வர் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கோ, வாய் பேசாமல் இருந்த வண்டி ஒன்று திடீரென்று அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டப்போகிறது என்கிற முன்னறிவிப்பு.

ஒரு வண்டி கொட்டினால் பரவாயில்லை. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் பக்கம் போகும் திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள், புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. காலையில் பண்ணாரி சோதனைச் சாவடி திறந்ததும், காத்திருந்த வண்டிகள் வரிசையாக ஏறத் தொடங்கும். காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆக எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே மௌனமாகி, ஒன்றாகவே பேசத் தொடங்குகின்றன. வண்டிக்காரர்கள் யாரும் சொல்லிவைத்துச் செய்வதில்லை. சாலையின் அமைப்பு அப்படி.

இப்படிப்பட்ட கருவிகளின் தரவை வாங்கி வைக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜாவாவில் எழுதியது, நெட்வொர்க் வேலைக்கு நெட்டி என்ற நூலகம். ரேட் லிமிட்டிங், அதாவது ஒருவர் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று வரம்பு வைப்பது பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் எதிரி ஒருவன் இருப்பான்; கடவுச்சொல்லை ஊகிப்பவன், தளத்தைச் சுரண்டுபவன், அவனைத் தடுப்பதே நோக்கம். எங்களுக்கு வரும் கிளையண்ட்கள், அதாவது வண்டிக் கருவிகள், விதிப்படி நடப்பவை. அவை அனுப்பும் எந்தப் பதிவையும் தூக்கிப்போட எங்களுக்கு உரிமை இல்லை. அதே சமயம் எல்லாவற்றையும் வந்த வேகத்தில் டேட்டாபேஸுக்குள் தள்ளினால் டேட்டாபேஸ் படுத்துவிடும். எண்ணுவதும் ஒப்பிடுவதும் இதில் சின்ன வேலை. காத்திருக்க வேண்டியது யார், எந்த இடத்தில் காத்திருப்பது என்று முடிவு செய்வதில்தான் உயிர் இருக்கிறது. பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) ஓடும் சர்வரில் அந்த முடிவு கொஞ்சம் பிசகினாலும் காத்திருப்பது கிளையண்ட்டாக இருக்காது, நாமாக இருப்போம்.

முதலில், மறுப்பது என்ற எளிய வழி ஏன் இங்கே செல்லாது என்று சொல்லிவிடுகிறேன். வெப் சர்வர்களுக்கு ‘அளவுக்கு மேல் கேட்கிறாய்’ என்று சொல்லும் 429 என்ற பதில் இருக்கிறது. 2012இல் ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணம் வழியாக வந்தது. கூடவே எத்தனை விநாடி கழித்து வரலாம் என்று சொல்ல ரிட்ரை ஆஃப்டர் என்ற ஹெட்டரும் உண்டு. எதிர்ப்பக்கம் இருப்பது ஒழுங்காக எழுதிய கிளையண்ட்டாக இருந்தால் அது புரிந்துகொண்டு விலகும். தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் செய்வது இதைவிட அழகு. போலி முகவரியிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பெரிய பதில்களை அனுப்பி, அந்த முகவரிக்காரரை மூழ்கடிக்கும் தாக்குதல் ஒன்று உண்டு. அதைத் தடுக்க பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் ரெஸ்பான்ஸ் ரேட் லிமிட்டிங் வந்தது. வரம்பு தாண்டிய கேள்விகளில் இரண்டில் ஒன்றை அது அப்படியே விட்டுவிடும், மற்றதற்கு ‘பதில் பெரியது, டிசிபி (முதலில் கைகுலுக்கிவிட்டுப் பேசும் இணைப்பு முறை) வழியாக வா’ என்று வெட்டிய பதிலை அனுப்பும். உண்மையான கிளையண்ட் டிசிபியில் வந்து பதிலை வாங்கிக்கொள்ளும். போலி முகவரிக்காரனால் டிசிபி கைகுலுக்கலை முடிக்க முடியாது. மறுப்பும் சொல்லியாயிற்று, நல்லவனுக்கு வழியும் விட்டாயிற்று. இதை யோசித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

டிராக்கர் கருவிக்கு அந்த மாதிரி மொழியே கிடையாது. சந்தையில் பரவலாக இருக்கும் ஜிடி06 வகை புரோட்டோகாலைப் பாருங்கள். 78 78 என்று தொடங்கும் பாக்கெட் (ஒரு தகவல் பொட்டலம்), நடுவில் ஒரு வகை எண், கடைசியில் சரிபார்ப்பு எண். கருவி முதலில் தன் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சொல்லி லாகின் செய்யும், சர்வர் பதில் தர வேண்டும். அப்புறம் இடப்பதிவுகள், ஒவ்வொன்றும் 36 பைட் அளவில். இடையிடையே ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஹார்ட்பீட், அதற்கும் சர்வர் பதில் தர வேண்டும். ‘இப்போது வேண்டாம், அப்புறம் வா’ என்று சொல்ல இதில் எந்த எண்ணும் இல்லை. கனெக்ஷனை வெட்டினால் கருவி உடனே திரும்ப வந்து மறுபடி லாகின் செய்யும். சுமையைக் குறைக்கப்போய் லாகின் சுமையையும் சேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

சரி, மறுக்க முடியாது, தாமதிக்கத்தான் வேண்டும். தாமதம் என்றதும் ஜாவாக்காரர் கை தானாகவே ஸ்லீப், அதாவது த்ரெட்டைச் சற்று நேரம் தூங்க வைக்கும் கட்டளை, பக்கம் போகும். எங்களுக்குக் கைமாறி வந்த பழைய சர்வரில் அப்படித்தான் இருந்தது. வேகமாக வரும் கருவியின் பாக்கெட்டைக் கையில் எடுத்த த்ரெட், இரண்டு விநாடி தூங்கிவிட்டு எழுதும். ஒரு கருவியோடு சோதித்துப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும்.

கணக்கைப் பாருங்கள். வேலைக்குத் தயாராக வைத்திருக்கும் தொகுப்பில் 200 த்ரெட்கள். ஒரு பாக்கெட்டுக்கு 50 மில்லிவிநாடி வேலை என்றால் விநாடிக்கு 4,000 பாக்கெட்டைச் சமாளிக்கலாம். வரம்பு தாண்டிய 200 பாக்கெட்கள் ஒரே நேரத்தில் வந்து 200 த்ரெட்களையும் தூங்க வைத்துவிட்டால், ஒவ்வொரு த்ரெட்டும் இரண்டு விநாடிக்கு ஒரு பாக்கெட்தான் முடிக்கும். விநாடிக்கு 100 கூடத் தேறாது. இது வரிசைகளைப் பற்றிய லிட்டில் விதியின் சாதாரணப் பெருக்கல், இதில் மர்மம் எதுவும் இல்லை. மலையில் ஏறாமல் சமவெளியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டிகளின் பாக்கெட்களும் க்யூவில் நிற்கும். பந்தியில் ஒருவர் நாலு இலைச் சாப்பாடு கேட்கிறார் என்பதற்காகப் பரிமாறுகிறவரைப் பிடித்து உட்கார வைத்த கதை. சிபியூ மீட்டர் என்னவோ 5 சதவீதத்தில் நிம்மதியாக இருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது.

கூகுளின் குவாவா நூலகத்தில் இருக்கும் ரேட் லிமிட்டர் பலருக்கும் தெரிந்ததுதான். அதன் அக்வயர் முறையும் தூங்கத்தான் செய்கிறது. லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையப் போடும் பூட்டு) பிடித்துக்கொண்டு தூங்காமல், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு லாக்கை விட்டபிறகு தூங்கும் அளவுக்குப் புத்திசாலித்தனம் அதில் உண்டு. பின்னணி வேலைகளுக்கு அது நல்ல கருவி. இரண்டு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய த்ரெட்களை வைத்து ஆயிரக்கணக்கான கனெக்ஷன்களைப் பார்க்கும் நெட்டி போன்ற இடத்தில் அதைக் கூப்பிடுவது தற்கொலை. ஜாவா 21இல் விர்ச்சுவல் த்ரெட்கள் வந்த பிறகு தூக்கம் மலிவாகிவிட்டதே என்று கேட்கலாம். தூக்கம் மலிவுதான். தூங்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் மெமரியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இனி எண்ணும் வேலைக்கு வருவோம். டோக்கன் பக்கெட் எல்லோருக்கும் தெரியும்: வாளியில் குறிப்பிட்ட வேகத்தில் டோக்கன் விழும், பாக்கெட் வந்தால் ஒன்றை எடு, இல்லையென்றால் காத்திரு. இதற்கு ஒவ்வொரு கிளையண்ட்டுக்கும் இரண்டு எண்கள் வேண்டும், மிச்ச டோக்கன், கடைசியாகப் பார்த்த நேரம். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்தால், மிச்சமிருந்த ஒரே டோக்கனை இரண்டு பேரும் எடுத்துக்கொள்வார்கள். லாக் போட்டுச் சரி செய்யலாம். அதைவிட எனக்குப் பிடித்தது ஒரே எண்ணில் காரியத்தை முடிக்கும் ஜிசிஆர்ஏ என்ற கணக்குமுறை. இதன் பூர்வீகம் ஏடிஎம் நெட்வொர்க். பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை, தரவை 53 பைட் துண்டுகளாக அனுப்பிய தொலைத்தொடர்புத் தொழில்நுட்பம். அது போய்விட்டது, கணக்கு தங்கிவிட்டது.

ஒவ்வொரு கருவிக்கும் ‘அடுத்த பாக்கெட் எப்போது வர வேண்டும்’ என்ற நேரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். விநாடிக்கு 10 பாக்கெட் வரம்பு, ஒரேயடியாக 50 வந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைப்போம். இடைவெளி 0.1 விநாடி, பொறுமை 4.9 விநாடி. பாக்கெட் வந்ததும், வைத்திருக்கும் நேரம் இப்போதைய நேரத்தைவிட 4.9 விநாடிக்கு மேல் முன்னால் போயிருக்கிறதா என்று பார். போயிருந்தால் வரம்பு தாண்டியாயிற்று. இல்லையென்றால், அந்த நேரம், இப்போது, இரண்டில் எது பிந்தியதோ அதோடு 0.1 சேர்த்து வை. கணக்கு அவ்வளவுதான். ரொம்ப நேரம் சும்மா இருந்த கருவி ஒரே கணத்தில் 50 பாக்கெட் அனுப்பினால் அந்த எண் 5.0 விநாடி முன்னால் போய் நிற்கும். 51வது பாக்கெட்டுக்குக் கதவு மூடியிருக்கும். 0.1 விநாடி போனதும் ஒன்றே ஒன்றுக்குத் திறக்கும்.

ஒரே ஒரு 64 பிட் எண் என்பதால் லாக் தேவையில்லை. பழைய மதிப்பைப் படித்து, புதியதைக் கணக்கிட்டு, ‘இன்னும் பழையதே இருந்தால் மட்டும் மாற்று’ என்று ப்ராசஸரிடம் சொன்னால் போதும். நடுவில் வேறு த்ரெட் மாற்றியிருந்தால் தோற்கும். மறுபடி படித்து மறுபடி கணக்கிட வேண்டியதுதான். தோற்றவர் யாரும் தூங்கப் போவதில்லை.

நெட்டியில் ஒரு கனெக்ஷன் எப்போதும் ஒரே த்ரெட்டுக்குச் சொந்தம்தானே, இரண்டு த்ரெட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கனெக்ஷனுக்குத்தான் சொந்தம், கருவிக்கு இல்லை. வண்டி ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நெட் அறுந்தால், கருவி புதிய கனெக்ஷனோடு வந்துவிடும். பழைய கனெக்ஷன் செத்துப்போன செய்தி சர்வருக்கு வந்து சேரவே சேராது. லினக்ஸில் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவை இயக்கினாலும் முதல் சோதனைக்கு இயல்பாக 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை ஒரே ஐஎம்இஐ இரண்டு மூன்று கனெக்ஷன்களில், வேறு வேறு த்ரெட்களில் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். பழைய கனெக்ஷனின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) மிச்சமிருந்த பாக்கெட்களை ஒரு த்ரெட் மென்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் புதிய கனெக்ஷனில் கொட்டலை வாங்கத் தொடங்கும். அதனால் எண்களை ஐஎம்இஐ வாரியாக எல்லா த்ரெட்களுக்கும் பொதுவான மேப்பில், அதாவது அடையாளத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும் அட்டவணையில், வைக்கிறோம்.

அந்த மேப் ஜாவாவின் கன்கரண்ட் ஹேஷ்மேப். 8ஆம் பதிப்புக்கு முன்னால் அது இயல்பாக 16 துண்டுகளாகப் பிரிந்து துண்டுக்கு ஒரு லாக் வைத்திருந்தது. இப்போது மேப்பின் உள்ளறையான ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி லாக். அதனால் எல்லோரும் அதைப் பயமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் கம்ப்யூட் முறைக்குள் இருக்கும் வரை அந்தத் தொட்டி பூட்டியே இருக்கும். உள்ளே குறிப்பேட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதுவதோ டேட்டாபேஸைக் கேட்பதோ கூடாது. மேப்பிலிருந்து எண்ணை எடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும்.

பழைய எண்களை எப்போது துடைப்பது? இங்கேதான் ஜிசிஆர்ஏயின் இன்னொரு நல்ல குணம். வைத்திருக்கும் நேரம் கடந்துபோய்விட்டது என்றால் அந்தக் கருவிக்கும் இதுவரை பார்த்தே இராத கருவிக்கும் வித்தியாசம் கிடையாது. அழித்துவிடலாம், எந்தத் தகவலும் போகாது. ஒரு த்ரெட் எண்ணைக் கையில் எடுத்த அதே கணத்தில் துடைக்கும் த்ரெட் அதை மேப்பிலிருந்து நீக்கிவிட்டால், எடுத்தவர் அநாதையான எண்ணில் எழுதிக்கொண்டிருப்பார். நேரம் கடந்து சில நிமிடம் ஆனவற்றை மட்டும் துடைத்தால் இது நடப்பது அபூர்வம். நடந்தாலும் ஒரு கருவிக்கு 50 பாக்கெட் கூடுதலாகப் போகும். போகட்டும். வங்கிக் கணக்கு மாதிரி காசு சுத்தமாக ரேட் லிமிட்டர் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், அந்தச் சுத்தத்துக்காகப் போடும் லாக்கிலேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கணக்கில் சுவர்க் கடிகார நேரத்தை வைக்கவே கூடாது. கணினியின் நேரத்தைத் திருத்தும் என்டிபி வந்து நேரத்தைப் பின்னால் தள்ளினால், எல்லாக் கருவிகளின் எண்ணும் ஒரே நொடியில் எதிர்காலத்துக்குப் போய்விடும். ஜாவாவில் அதற்கு நானோடைம் என்ற தனிக் கடிகாரம் இருக்கிறது. அது பின்னோக்கிப் போகாது. ஆனால் அதன் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எதிர்மறை எண்ணாகக்கூட வரலாம். புதிய கருவியின் எண்ணைப் பூஜ்யம் என்று தொடங்கி வைத்தால், ஏதோ ஒரு இயந்திரத்தில் அது எட்டாத எதிர்காலமாக அமைந்துவிடும். ‘இப்போது’ என்று தொடங்குவதுதான் சரி. இரண்டு நேரங்களை ஒப்பிடும்போதும் கழித்துப் பார்த்தே ஒப்பிட வேண்டும். கருவி அனுப்பும் ஜிபிஎஸ் நேரத்தை நம்பிக் கணக்குப் போடலாமே என்று யாராவது சொன்னால், 2019 ஏப்ரல் 6 அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ஜிபிஎஸ் வார எண் 1,024ஐத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பிய நாள் அது. தயாராக இல்லாத பழைய கருவிகள் 1999க்குப் போய்விட்டன.

இப்போது 51வது பாக்கெட். வரம்பு தாண்டியாயிற்று என்று தெரிந்துவிட்டது. த்ரெட் தூங்கக் கூடாது, பாக்கெட்டைத் தூக்கிப்போடக் கூடாது, கனெக்ஷனை வெட்டக் கூடாது. அப்படியானால் அந்தச் சாக்கெட்டிலிருந்து (கனெக்ஷனின் நம் பக்க முனை) படிப்பதை நிறுத்துவதுதான் வழி. நெட்டியில் ஆட்டோரீடை, அதாவது தானாகப் படிப்பதை, அணைத்துவிட்டு, ‘0.1 விநாடி கழித்துத் திரும்பப் போடு’ என்று டைமரிடம் சொல்லிவிட்டு த்ரெட் அடுத்த கனெக்ஷனைப் பார்க்கப் போய்விடும். நாம் படிக்காததால் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பஃபர் நிறையும். நிறைந்ததும் டிசிபி எதிர்ப்பக்கத்துக்கு ‘என்னிடம் இடமில்லை’ என்று சொல்லும். கருவி தன்னுடைய மெமரியிலேயே பதிவுகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும். 40,000 பதிவு தாங்கும் இடம் அதனிடம் இருக்கிறதே, அங்கேயே இருக்கட்டும். புரோட்டோகாலில் இல்லாத ‘அப்புறம் வா’வை டிசிபி நமக்காகச் சொல்லிவிடுகிறது.

ஆட்டோரீடை அணைத்ததும் பாக்கெட் வருவது சட்டென்று நின்றுவிடாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே படித்த துண்டில் பத்து இருபது பாக்கெட்கள் இருந்தால் துண்டைப் பாக்கெட்களாகப் பிரிக்கும் டிகோடர் அவற்றை வரிசையாகத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அவற்றைப் பிடித்து வைக்க நெட்டியிலேயே ஃப்ளோ கன்ட்ரோல் ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைப் போடாமல் ‘ஆட்டோரீட் வேலை செய்யவில்லை’ என்று புலம்புகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைப்பதுதான். சிக்கல் அடுத்து வருகிறது. சாக்கெட் என்பது ஒற்றைவரிசைப் பாதை. படிப்பதை நிறுத்தினால் இடப்பதிவுகள் மட்டுமா நிற்கும்? அவற்றுக்குப் பின்னால் கருவி அனுப்பிய ஹார்ட்பீட்டும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். பஃபரில் 500 பதிவுகள் காத்திருந்தால், விநாடிக்கு 10 வீதம் அதற்குப் பின்னால் இருக்கும் ஹார்ட்பீட்டை எட்ட 50 விநாடி ஆகும். கருவியோ சில விநாடிகளில் பதில் வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, வெட்டிவிட்டுப் புதிதாக வந்து, ஒப்புதல் கிடைக்காத பதிவுகளை மறுபடி முதலிலிருந்து அனுப்பும். வேகத்தைக் குறைக்கப் போட்ட பிரேக்கே வண்டியைத் திரும்பப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கேட்கும் சாக்கெட்டிலேயே பஃபர் அளவைச் சிறிதாக்கி வைத்தால் கொஞ்சம் குறையும். தீராது.

தீர்வு ஏஐஎஸ் 140 பாக்கெட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு பதிவிலும் அது இப்போது எடுத்ததா, சேமித்து வைத்து அனுப்புவதா என்று ஓர் எழுத்து இருக்கும்: எல் என்றால் லைவ், எச் என்றால் ஹிஸ்டரி. ஜிடி06 கருவிகளுக்கு அப்படி வெளிப்படையாக இல்லாவிட்டாலும் பதிவின் நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு ஊகித்துவிடலாம். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று வாசலில் நிற்கும் பெற்றோருக்கு வேண்டியது எல். நேற்று ராத்திரி வண்டி எந்த வேகத்தில் வந்தது என்று கேட்கும் உரிமையாளருக்கு வேண்டியது எச். முதலாமவர் 10 விநாடி பொறுக்க மாட்டார். இரண்டாமவர் மத்தியானம் வரை பொறுப்பார், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே சாக்கெட்டைத் தாராளமாகப் படிக்கிறோம். ஹார்ட்பீட்டுக்கு உடனே பதில். லைவ் பதிவு நேராக உள்ளே. ஹிஸ்டரி பதிவுகள் டிஸ்க்கில் ஒரு நீளமான வரிசையில் போய் உட்காரும். அங்கிருந்து டேட்டாபேஸுக்கு எடுக்கும் த்ரெட்கள் வேறு. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வரம்பு அந்த வரிசையிலிருந்து எடுக்கும் இடத்தில்தான் அமலாகிறது. ஆட்டோரீடை அணைப்பது இப்போது கடைசி ஆயுதம், டிஸ்க் வரிசையே எல்லை தாண்டினால் மட்டும். வரம்பை வாசலில் போடுவதா உள்ளே போடுவதா என்பது கட்டிடத்தைப் பொறுத்தது. எங்களுக்கு உள்ளே.

வாசலிலும் ஒரு காவல் வேண்டும். லாகின் செய்யும் வரை கருவி யார் என்றே தெரியாது, ஐபி முகவரி மட்டும்தான் தெரியும். மொபைல் நெட்வொர்க்கில் ஐபி முகவரியை நம்ப முடியாது. கேரியர் கிரேடு என்ஏடி என்ற முகவரிப் பகிர்வு ஏற்பாட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சிம்கள் ஒரே முகவரியில் வெளியே வரும். முகவரிக்கு இத்தனை என்று இறுக்கினால், ஒரு ஆபரேட்டரின் எல்லா வண்டிகளும் மொத்தமாக வெளியே நிற்கும். அதனால் நாங்கள் ஐபியை எண்ணுவதில்லை. லாகின் செய்யாமல் திறந்திருக்கும் கனெக்ஷன்கள் மொத்தம் எத்தனை என்று பார்க்கிறோம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரின் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் அமைப்பிலிருந்து எடுத்த யோசனை. அதில் 10:30:100 என்று இருக்கும். அடையாளம் சொல்லாத கனெக்ஷன் 10ஐத் தொட்டதும் புதிதாக வருபவர்களில் 30 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் மறுக்கத் தொடங்கும், கூடக்கூட விகிதமும் ஏறும், 100ஐத் தொட்டால் யாருக்கும் இடமில்லை. குலுக்கல் என்பதால் நல்லவன் இரண்டாம் மூன்றாம் முறையில் உள்ளே வந்துவிடுவான். 2009இல் பேசப்பட்ட ஸ்லோலோரிஸ் தாக்குதல் மாதிரி, கனெக்ஷனைத் திறந்துவைத்து சொட்டுச் சொட்டாகப் பேசுபவர்களுக்கும் இதுவே மருந்து. கூடவே லாகினுக்கு ஒரு காலக்கெடு.

லாகினில் வரும் ஐஎம்இஐ பதிவுசெய்த பட்டியலில் இருந்தால்தான் மேப்பில் எண் உருவாகும். இல்லையென்றால் கற்பனை எண்களை அனுப்பியே ஒருவர் நம் மெமரியை நிரப்பிவிடலாம். காப்பதற்கு வைத்த மேப்பே ஓட்டையாகிவிடும்.

கருவி வாரியான வரம்பு நியாயத்துக்கு. டேட்டாபேஸைக் காப்பாற்ற மொத்த வரம்பு ஒன்று தனியாக வேண்டும். இங்கே ஒரே எண்ணை எல்லா த்ரெட்களும் தொடும். கருவி எண்களில் மோதல் அபூர்வம், இதில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மோதல். லாக் இல்லாவிட்டாலும், அந்த எண் இருக்கும் 64 பைட் கேஷ் வரி (ப்ராசஸரின் வேக நினைவகத் துண்டு) ப்ராசஸரின் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தோற்று மறுபடி முயல்வது பெருகும். கோர் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்தால் குறையும். பல த்ரெட்கள் சேர்ந்து எண்ணுவதற்கான ஜாவாவின் லாங்ஆடர் நினைவுக்கு வரலாம். அது எண்ணுவதற்கு நல்லது, ‘இடமிருந்தால் மட்டும் எடு’ என்பதற்கு உதவாது. கூட்டிப் பார்க்கும் நேரத்திலேயே தொகை மாறிக்கொண்டிருக்கும். நாங்கள் செய்வது, ஒவ்வொரு த்ரெட்டும் பொது எண்ணிலிருந்து 50 அனுமதிகளை மொத்தமாக வாங்கித் தன்னிடம் வைத்துச் செலவழிப்பது. மோதல் 50இல் ஒன்றாகக் குறைகிறது. ஏதோ ஒரு த்ரெட் வாங்கியதைச் செலவழிக்காமல் சும்மா வைத்திருந்தால் கொஞ்சம் வீணாகும். பரவாயில்லை.

பல சர்வர்கள் என்று வந்ததும், எண்களைப் பொதுவாக வைக்க ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு வேண்டும் என்பார்கள். வெப்புக்கு வேண்டும்தான். எங்கள் கருவி ஒரே டிசிபி கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு ஒரே சர்வரில் உட்கார்ந்திருக்கும். அதன் எண்ணுக்கு இன்னொரு இயந்திரம் வரை போய்வர வேண்டியதில்லை. மொத்த வரம்பைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

தொல்லை வருவது சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது. எண்கள் எல்லாம் மெமரியில்தான் இருந்தன. எழுந்ததும் எல்லாக் கருவிக்கும் புதுக்கணக்கு, எல்லோருக்கும் 50 பாக்கெட் சலுகை. அறுந்த எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கதவைத் தட்டும். எண்களைச் சேமித்துவைத்துத் திரும்ப ஏற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது, வேண்டாமென்று விட்டோம். அந்த நேரத்தில் வரும் சுமை லாகினில் வருகிறது, பாக்கெட்டில் இல்லை. அதற்குப் பதிலாக எழுந்த முதல் சில நிமிடங்களுக்குக் கனெக்ஷனை ஏற்பதையே மெதுவாக்குகிறோம். நெட்டியில் கேட்கும் சேனலுக்கும் ஆட்டோரீட் உண்டு. அதை அணைத்து அணைத்துப் போடுவது. ஏற்காத கனெக்ஷன்கள் கெர்னலின் வரிசையில் நிற்கும். லினக்ஸ் 5.4லிருந்து அதன் எல்லை 128இலிருந்து 4,096 ஆகியிருக்கிறது. அதுவும் நிறைந்தால் புதிதாக வரும் முயற்சிகள் சத்தமில்லாமல் விழும், கருவியின் டிசிபி ஒரு விநாடி, இரண்டு, நாலு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும். நாம் ஒரு வரி எழுதாமலே கூட்டம் கலைந்து வருகிறது.

வாடிக்கையாளர் பார்க்கும் வரைபடத்தில் எல்லா வண்டிகளும் வந்து சேர இதனால் கூடுதல் நேரம் ஆகும். சப்போர்ட்டில் இருக்கும் பையன் போன் செய்வான்: “அண்ணா, பாதி வண்டியக் காணோமே?” வரும், கொஞ்சம் பொறு என்பேன். “கஸ்டமர் கிட்ட என்ன சொல்றது?” அதையே சொல்லு.